லைப்ரரி ஸ்டாப் (ஊழியர்) செய்தியும் பயிற்சியும் ஒண்டாக் கொண்டுபோறது எப்பிடி: கொழும்பில இருந்து ஒரு வழிகாட்டி

எங்கட லைப்ரரியில ஒரு அக்கா மூண்டு நாள் கோஹா எண்ட லைப்ரரி மென்பொருள் வேர்க்‌ஷொப் ஒண்டுக்குப் போயிட்டு வந்தா. சர்டிபிகேட் பேர்சனல் பைலுக்குப் போயிட்டுது, குரூப் போட்டோ வட்ஸ்அப்பில வந்திச்சு, எல்லாரும் வாழ்த்துப் போட்டம், அதோட கதை முடிஞ்சுது. ஆறு மாதம் கழிச்சு புதுசா ஒரு முதுமாணிப் படிப்புக்காரருக்கெண்டு கோஹாவில தனி போரோவர் கேட்டகரி (இரவல் எடுக்கிற ஆக்களின்ர வகை) ஒண்டு திறந்தம், அந்தப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் ஓவர்டியூ நோட்டிஸ் (தவணை தாண்டின புத்தகத்தைத் திருப்பித் தரச் சொல்லுற அறிவித்தல்) போகேல்ல, புத்தகங்கள் மாதக்கணக்கா வெளியில நிண்டுது. ஈமெயில் சேர்வர் பிழை எண்டு நினைச்சு ஐடி ஆக்களைக் கூப்பிட்டம், வெளியில இருந்தும் ஒருத்தரைக் கூப்பிட்டம், இப்பிடியே ரெண்டு கிழமை போயிட்டுது. கடைசியில அந்த அக்கா வேற அலுவலா எங்கட அறைக்கு வந்து ஸ்கிரீனைப் பாத்திட்டு, "கேட்டகரி செட்டிங்கில ஓவர்டியூ நோட்டிஸ் தேவையோ எண்டு கேக்கிற இடத்தில இல்ல எண்டு கிடக்குது, ஆம் எண்டு மாத்துங்கோ, பிறகு டூல்ஸுக்குள்ள போய் அந்தக் கேட்டகரிக்கு எத்தனையாம் நாள் நோட்டிஸ் போக வேணும் எண்ட ட்ரிகரையும் போடுங்கோ" எண்டா. அஞ்சு நிமிசம். அவவுக்கு அது வேர்க்‌ஷொப்பின்ர ரெண்டாம் நாளே தெரிஞ்சிருந்தது, ஆனா அவவுக்குத் தெரியும் எண்டது எங்களுக்குத் தெரியாது.

அண்டைக்குத்தான் எனக்கு ஒண்டு விளங்கிச்சு. ஸ்டாப் செய்தி ஒரு பக்கமும் பயிற்சி இன்னொரு பக்கமுமா நடக்கிற மட்டும் ரெண்டும் வீண். செய்தி எண்டது ஆர் எதைப் படிச்சிட்டு வந்திருக்கினம், இனி எந்த விசயத்துக்கு ஆரிட்டப் போகலாம் எண்டு சொல்ல வேணும், பயிற்சி எண்டது செய்தியில வந்து எல்லாருக்கும் சேர வேணும். பிறகு வந்த காலத்தில நாங்கள் கட்டி எழுப்பின முறையைத்தான் இதில எழுதுறன். பல்கலைக்கழக லைப்ரரி, கல்லூரி லைப்ரரி, பெரிய நிறுவனத்து லைப்ரரி எண்டு எங்க வேலை செய்தாலும் உங்கட அளவுக்கு வெட்டித் தைச்சு எடுக்கலாம்.

முதல்ல செய்தி. மாதம் ஒரு ஏ4 தாள், ரெண்டு பக்கம், அதுக்கு மேல வேண்டாம். நாலு பக்கம் போட்டா கவுண்டரில நிக்கிற பிள்ளை வாசிக்காது, அதுக்கு நேரமும் இல்ல. முதல் பக்கத்தில ஆக்கள் விசயம். ஆர் புதுசா வந்திருக்கினம், ஆர் எந்தப் பிரிவுக்கு மாறியிருக்கினம் எண்டு போடேக்க "திருமதி இன்னார் சஞ்சிகைப் பிரிவில இருந்து பட்டியலாக்கத்துக்கு மாறியுள்ளார்" எண்டு மட்டும் எழுதி விடாதேங்கோ, "இனி சஞ்சிகை பைண்டிங் பற்றி இன்னாரிட்டக் கேளுங்கோ, எக்ஸ்டென்ஷன் இது" எண்டும் சேத்துப் போடுங்கோ. அந்தச் செய்தியில வேலைக்கு உதவுறது அந்த ரெண்டாவது வசனம்தான். அதே பக்கத்தில போன மாதம் ஆர் எங்க போய் என்ன படிச்சவை எண்டது. ரெண்டாம் பக்கத்தில வேலை முறையில வந்த மாற்றங்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில இருந்தோ பதிவாளர் ஒபிஸில இருந்தோ வந்த சுற்றறிக்கையில எங்களுக்குப் பட்ட பகுதி மட்டும் எளிய வசனத்தில, பிறகு வாற ரெண்டு மாதத்தில விண்ணப்ப முடிவு வாற கோர்ஸ், செமினார், கொன்பரன்ஸ் எல்லாம் திகதியோட.

ஈ.பி. எக்ஸாம் (சம்பள ஏற்றத்துக்கு எழுத வேண்டிய வினைத்திறன் காண் தடைப் பரீட்சை) திகதியைக் கட்டாயம் போடுங்கோ. சுற்றறிக்கை நோட்டிஸ்போர்டில கிழமைக்கணக்காத் தொங்கினாலும் ஞாயிறு டியூட்டி ஆக்களும் பின்னேர ஷிப்ட் ஆக்களும் அதைக் காணாமல் விட்டிடுவினம், விண்ணப்பத் திகதி ஒருக்காத் தவறினா சம்பள ஏற்றம் தள்ளிப் போயிடும், அது ஒரு குடும்பத்தின்ர பிரச்சினை.

பிறந்தநாள், கலியாணம், பிள்ளை பிறந்தது, சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில இருக்கிறது இதெல்லாம் போடலாமோ எண்டு கேப்பியள். கேட்டுட்டுப் போடுங்கோ. 2022ம் ஆண்டின் 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு எங்கட நாட்டில இருக்குது, சுகநலம் பற்றின தகவலை அது தனிக் கவனத்தோட பாக்குது. சட்டத்தை விட்டாலும், ஒருத்தர் தன்ர வருத்தத்தை மூண்டு மாடி ஆக்களுக்கும் சொல்ல விரும்புறாரோ இல்லையோ எண்டதை அவரே தீர்மானிக்க வேணும். போட்டோவும் அப்பிடித்தான். நாங்கள் ஒரு சின்னப் படிவம் வைச்சிருக்கிறம், வருசத்துக்கு ஒருக்கா கையெழுத்து, "என்ர பேர், படம் ஸ்டாப் செய்தியில வரலாம் / வரக்கூடாது", அவ்வளவுதான்.

செய்தி சேர்க்கிறதுதான் கஷ்டமான பகுதி. ஈமெயில் போட்டு "25ம் திகதிக்கு முதல் உங்கட செய்திகளை அனுப்பவும்" எண்டா ஒருத்தரும் அனுப்ப மாட்டினம், அனுப்பினாலும் எழுதிப் பழகின ரெண்டு மூண்டு பேர்தான் திரும்பத் திரும்ப அனுப்புவினம், அவையின்ர பேர்தான் மாதாமாதம் வரும், மற்ற ஆக்கள் ஒண்டும் செய்யேல்ல எண்ட மாதிரி ஒரு தோற்றம் வந்திடும். நான் என்ன செய்யிறன் எண்டால் மூண்டாம் கிழமை புதன்கிழமை காலமை ஒரு கொப்பியோட மேல் மாடியில இருந்து கீழ் மாடி வரைக்கும் நடக்கிறன். சிரேஷ்ட உதவி நூலகரிட்டயும் கேக்கிறன், ராக்கையில புத்தகம் அடுக்கிற அண்ணையிட்டயும் கேக்கிறன், பைண்டிங் அறையிலயும் கேக்கிறன். கேள்வி ரெண்டுதான். "இந்த மாதம் புதுசா என்ன செய்து பாத்தியள்?" "ஆரும் கேட்டுப் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி ஏதும் இருந்துதோ?" இந்த ரெண்டாவது கேள்விக்கு வாற பதில்தான் எனக்கு அடுத்த பயிற்சியின்ர தலைப்பு. பின்னேர ஷிப்ட் ஆக்களிட்ட வொய்ஸ் மெசேஜ் கேக்கிறன், எழுதச் சொன்னா எழுத மாட்டினம், கதைக்கச் சொன்னா நாலு நிமிசத்துக்கு அருமையாக் கதைப்பினம்.

மொழி. கொழும்பில இது ஒரு பெரிய விசயம், இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. எங்கட ஆக்களில சிங்களத்தில வாசிக்கிறவை, தமிழில வாசிக்கிறவை, இங்கிலீஷ் மட்டும் போதும் எண்டிறவை எல்லாரும் இருக்கினம். கனகாலமா இங்கிலீஷிலதான் வந்திச்சு, பிறகு சிங்களமும் சேர்ந்திச்சு, தமிழ் "பிறகு பாப்பம்" எண்டு நிண்டுது. முழுச் செய்தியையும் மூண்டு மொழியில போட ஆள் இல்லையெண்டால் திகதி, இடம், ஆரிட்டக் கேக்க வேணும் எண்ட மூண்டையும் மட்டுமாவது மூண்டு மொழியிலயும் போடுங்கோ, மிச்சம் ஒரு மொழியில இருக்கட்டும். கூகுள் மொழிபெயர்ப்பில போட்டு அப்பிடியே ஒட்டாதேங்கோ, பதவிப் பேர்கள் பிழைச்சிடும், ஒருத்தரின்ர பதவியைக் குறைச்சுப் போட்டா அவருக்கு அது வருசக்கணக்கா மனசில நிக்கும்.

தமிழ் டைப் பண்ணேக்க யூனிகோடில பண்ணுங்கோ. பழைய ஆக்கள் பாமினி எழுத்துருவில வேகமா அடிப்பினம், அதை வேர்டில பாக்க வடிவாத்தான் இருக்கும், ஆனா மற்ற ஆளின்ர போனில திறந்தா இங்கிலீஷ் எழுத்துக் குவியலாத்தான் தெரியும், தேடியும் எடுக்கேலாது. பாமினிக் கைப்பழக்கத்தை விட வேண்டியதில்ல, அதே கீபோர்ட் அமைப்பில யூனிகோடா விழுற மென்பொருள் இலவசமா இருக்குது. பழைய பைல்களை ஒன்லைன் கன்வேர்ட்டரில போட்டு மாத்தலாம், மாத்தினாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, சில எழுத்துகள் இடம் மாறி நிக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டால் கட்டலொக்குக்குள்ளயும் இதே பிழை இருக்குது, பாமினியில அடிச்ச தமிழ்த் தலைப்புகளை ஒரு மாணவர் எந்தக் காலத்திலயும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார், புத்தகம் ராக்கையில இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

இனிப் பயிற்சி. வெளியில போய் வந்த ஆளுக்கு எங்கட இடத்தில ஒரு கடமை இருக்குது, திரும்பி வந்து பத்து நாளுக்குள்ள ஒரு பக்கம் எழுதித் தர வேணும், இருவது நிமிசம் கதைக்க வேணும். அந்த ஒரு பக்கத்தில கொன்பரன்ஸ் எங்க நடந்தது, ஆர் குத்துவிளக்கு ஏத்தினது, சாப்பாடு என்ன எண்டது தேவையில்ல. அங்க கண்டதில எங்கட லைப்ரரியில செய்யக் கூடிய ஒரே ஒரு விசயம் என்ன, அதுக்கு என்ன வேணும், ஆர் செய்யிறது, எப்பக்குள்ள, இதுதான். ஒண்டுதான் கேக்கிறம், அஞ்சு எழுதினா அஞ்சும் நடக்காது. ஆள் ஒரு விசயமும் உதவாது எண்டு சொன்னா அதையும் எழுதட்டும், அடுத்த வருசம் அதே கோர்ஸுக்குக் காசு கட்டி இன்னொருத்தரை அனுப்புறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்க அது உதவும். இருவது நிமிசக் கதையில சிலர் பவர்பொயிண்ட் போடுவினம், போடாட்டியும் பரவாயில்ல, கொம்பியூட்டருக்கு முன்னால நிண்டு செய்து காட்டினா இன்னும் நல்லம்.

கோஹா மாதிரி மென்பொருள் பாவிக்கிற இடங்களுக்கு இது ரெண்டு மடங்கு அவசியம். கோஹா 2000ம் ஆண்டு தை மாதம் நியூசிலாந்தில ஒரு சின்ன லைப்ரரியில ஓடத் தொடங்கினது, மாவோரி மொழியில அந்தச் சொல்லுக்கு அன்பளிப்பு எண்டு பொருள், ஆரும் காசில்லாமல் எடுத்துப் பாவிக்கலாம். ஆனா காசு கட்டி வாங்கின மென்பொருள் மாதிரி பிழைச்சா போன் பண்ண ஒரு கம்பனி எல்லா இடத்திலயும் இருக்காது, உள்ளுக்க இருக்கிற ஆக்களின்ர அறிவுதான் அந்தக் கம்பனி. டிஸ்பேஸ் எண்ட, ஆய்வேடு, கட்டுரை மாதிரி டிஜிட்டல் ஆவணங்களைச் சேத்து வைக்கிற மென்பொருளும் அப்பிடித்தான்.

உள்ளுக்க நடத்துற பயிற்சிக்கு நேரம் எப்பிடி எடுக்கிறது எண்டதுதான் எல்லாரும் கேக்கிறது. இஃப்லா, அதாவது நூலகச் சங்கங்களின்ர சர்வதேசக் கூட்டமைப்பு, 2016ல வெளியிட்ட தொடர் தொழில் விருத்தி வழிகாட்டியில வேலை நேரத்தில ஏறக்குறைய 10 சதவீதம் இதுக்கெண்டு ஒதுக்க வேணும், நிறுவனத்தின்ர பட்ஜெட்டில குறைஞ்சது 0.5 தொடக்கம் 1 சதவீதம் ஒதுக்க வேணும் எண்டு இருக்குது. 40 மணித்தியால கிழமைக்கு அது 4 மணித்தியாலம். எங்களுக்கு அது கிடைக்கேல்ல, உங்களுக்கும் முதல் நாளே கிடைக்காது, ஆனா நூலகரிட்ட நேரம் கேட்டுப் போகேக்க அந்த எண்ணைக் கையில வைச்சுக்கொண்டு போங்கோ. நாங்கள் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலத்தில தொடங்கினம். ஒரே பயிற்சியை ரெண்டு தரம் செய்ய வேணும், காலமை ஒருக்கா, பின்னேர ஷிப்ட் வந்தாப் பிறகு ஒருக்கா, இல்லாட்டி அரைவாசிப் பேர் எப்பவுமே விடுபட்டுப் போவினம். பரீட்சைக் காலத்தில வைக்காதேங்கோ, புது மாணவர் வாற முதல் ரெண்டு கிழமையும் வைக்காதேங்கோ. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அதில எல்லாரும் கண்காட்சி, போட்டி எண்டு ஓடிக்கொண்டிருப்பினம், அந்த மாதத்தையும் விட்டிடுங்கோ. போயா வாற கிழமையில சனம் லீவைச் சேத்துப் போடும், அதையும் பாருங்கோ. செமெஸ்டர் லீவுக்குள்ள தொடர்ந்து வைக்கலாம். 2022ல கரண்டும் இல்லாமல் பெற்றோலும் இல்லாமல் இருந்த காலத்திலயும் லேர்ன் (இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கிற கல்வி, ஆய்வு வலையமைப்பு) தந்த சூமில சில பேர் வீட்டில இருந்து சேர்ந்தவை, அதனால வரேலாத ஆக்களுக்கு ஒன்லைன் கதவைத் திறந்து வைக்கிற பழக்கத்தை நாங்கள் இப்பவும் விடேல்ல.

தலைப்பு எங்க இருந்து வரும் எண்டால் மேல சொன்ன அந்த ரெண்டாவது கேள்வியில இருந்து. ரெண்டு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் இந்த ரெண்டும் எந்தக் கொழும்பு லைப்ரரிக்கும் பொருந்தும்.

ஒண்டு, தமிழ்ப் பேர்கள். கவுண்டருக்கு வந்த ஒரு மாணவி செல்வராஜா எண்ட ஆசிரியரின்ர புத்தகம் தேடி இல்ல எண்டு திரும்பிப் போயிட்டா, புத்தகம் உள்ளுக்க இருந்தது. ஏன் எண்டு பாத்தா, அந்தப் பேரை ஆசிரியர் தன்ர புத்தகத்தில இங்கிலீஷில எஸ் எழுத்தில தொடங்கி எழுதியிருக்கிறார், இன்னொரு புத்தகத்தில சிஎச் எண்டு தொடங்குது, அமெரிக்க கொங்கிரஸ் நூலக எழுத்துப்பெயர்ப்பு முறையில போட்ட பதிவில தனி சி எழுத்தில தொடங்குது, ஏனெண்டால் அந்த முறையில தமிழ் ச எண்டது எப்பவும் இங்கிலீஷ் சி (c) தான். ஒரு ஆள் மூண்டு இடத்தில சிதறிக் கிடக்கிறார். இதை எல்லாருக்கும் காட்ட வேணும், பட்டியலாக்கம் செய்யிற ஆக்களுக்கு மட்டும் இல்ல, கவுண்டரில தேடித் தாற ஆளுக்கும்தான். பயிற்சியில என்ன செய்தம் எண்டால், எல்லாரும் தங்கட சொந்தப் பேரை கட்டலொக்கில வாற மாதிரி எழுதச் சொன்னம். எங்கட பேருக்கு முன்னால நிக்கிற எழுத்து அப்பாவின்ர பேர், குடும்பப் பேர் இல்ல, அதனால "க. செல்வராணி" எண்டு வந்தா தலைப்பு "செல்வராணி, க." எண்டுதான் வரும், கலியாணம் கட்டினாப் பிறகு பின்னால கணவரின்ர பேர் சேர்ந்து நிண்டா அதையும் ஏற்கெனவே இருக்கிற பதிவோட இணைக்க வேணும். சிங்கள நண்பர்களின்ர கெதர பேர் (வீட்டு வழிப் பேர்), முதியான்சேலாகே எண்டு வாற நீளப் பேர்கள் வேற விதம், அவை அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவை, நாங்கள் எங்கடையைச் சொல்லிக் குடுத்தம். ஒரு மணித்தியாலம் எண்டு தொடங்கி ரெண்டு மணித்தியாலம் போச்சு, ஒருத்தரும் எழும்பிப் போகேல்ல. அதுக்குப் பிறகு அதிகாரப் பதிவு (ஒரு ஆளின்ர பேருக்கு இதுதான் தலைப்பு எண்டு தீர்மானிச்சு வைக்கிற பதிவு) ஒண்டை வைச்சு மற்ற எல்லா எழுத்துக்கூட்டலையும் அதுக்குக் கீழ கொண்டுவாற வேலையை ரெண்டு பேர் எடுத்துச் செய்யினம்.

மற்றது, நனைஞ்ச புத்தகம். வைகாசியில தென்மேல் பருவக்காற்று மழை தொடங்கினா கொழும்பில எந்தப் பழைய கட்டடத்திலயும் ஒரு மூலையில ஒழுகும், ஏசி லைனில இருந்தும் தண்ணி விழும். எங்கட காலநிலையில நனைஞ்ச புத்தகத்தில 48 மணித்தியாலத்துக்குள்ள பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிடும், அதனால அண்டைக்கு டியூட்டியில நிக்கிற ஆளுக்கு என்ன செய்யிறது எண்டு தெரிஞ்சிருக்க வேணும், சேர் வரட்டும் எண்டு திங்கட்கிழமை வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. பழைய கழிவுப் புத்தகம் பத்தை எடுத்து உண்மையாவே தண்ணியில நனைச்சுத்தான் பழகினம். சொட்டச் சொட்ட நனைஞ்ச புத்தகத்தைப் பிரிக்காதேங்கோ, தாள் கிழியும். வெயிலில வைக்காதேங்கோ, மட்டை வளைஞ்சிடும். மினுக்கத் தாள் புத்தகங்களை முதல்ல எடுங்கோ, அது காய்ஞ்சா பக்கங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கல்லு மாதிரி ஆகிடும், பிறகு பிரிக்கவே ஏலாது. ஈரம் கொஞ்சம் குறைஞ்ச புத்தகத்துக்கு இடையிடையே வெள்ளை உறிஞ்சுதாள் வைச்சு அடிக்கடி மாத்துங்கோ, அச்சடிச்ச பேப்பர் வைக்காதேங்கோ, மை ஊறிடும். நிமித்தி வைச்சு மின்விசிறியைப் போடுங்கோ, நேரா முகத்தில அடிக்கிற மாதிரி இல்லாமல் அறைக்குள்ள காத்து ஓடுற மாதிரி. எண்ணிக்கை கனக்க எண்டால் பொலித்தீனில தனித்தனியாச் சுத்தி ப்ரீஸரில வைச்சா நேரம் கிடைக்கும், அதுக்கு எந்த பீடத்தின்ர ப்ரீஸர், திறப்பு ஆரிட்ட எண்டதை மழைக்கு முதலே கேட்டு எழுதி வையுங்கோ. இரவில ஏசியை நிப்பாட்டுற கட்டடத்தில ஈரப்பதன் ஏறும், ஒரு மானி வாங்கி வைச்சு 60 சதவீதத்துக்கு மேல போகுதோ எண்டு பாக்கிறதை ஒருத்தரின்ர பொறுப்பா ஆக்குங்கோ. இந்தப் பயிற்சியில முன்னுக்கு நிண்டவை லைப்ரரி அட்டெண்டன்ட்மார்தான், இதுக்கு முதல் எந்தப் பயிற்சிக்கும் அவையை ஒருத்தரும் கூப்பிட்டதில்ல.

மற்றத் தலைப்புகள், ஸோட்டெரோ (உசாத்துணைகளைச் சேத்து ஒழுங்குபடுத்துற மென்பொருள்) காட்டுறது, போலிச் சஞ்சிகையைக் கண்டுபிடிக்கிறது, ஆய்வாளருக்கு ஓர்கிட் இலக்கம் (ஆய்வாளர் ஒவ்வொருத்தரையும் தனியா அடையாளம் காட்டுற இலக்கம்) எடுத்துக் குடுக்கிறது, இதெல்லாம் ஒவ்வொரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும், இணையத்தில பாடமும் தாராளமா இருக்குது.

வெளியில படிக்க எங்க போறது எண்டதுக்கு வாறன். கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு இதில ஒரு வசதி இருக்குது, எல்லாம் கிட்ட. இலங்கை நூலகச் சங்கம் 1960ல தொடங்கினது, 1974ல பாராளுமன்றச் சட்டத்தால கூட்டிணைக்கப்பட்டது, கொழும்பு 7ல இருக்குது, அவையின்ர நூலக தகவல் விஞ்ஞான டிப்ளோமா படிப்படியா மேல போற கோர்ஸ், வேலை செய்துகொண்டே படிக்கலாம், கனபேர் அதிலதான் தொடங்கினவை. எந்த மொழியில இந்த வருசம் எங்க வகுப்பு எண்டு விண்ணப்பம் போடுறதுக்கு முதல் போன் பண்ணிக் கேளுங்கோ. கொழும்புப் பல்கலைக்கழகத்தோட இருக்கிற நிலிஸ், அதாவது தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம், 1999ல தொடங்கினது, பட்டப்பின் டிப்ளோமா, முதுமாணி எல்லாம் அங்க. பட்டமாவே படிக்கிறதெண்டால் களனிப் பல்கலைக்கழகத்தில அதுக்கெண்டு தனித் துறை இருக்குது. கட்டுரை எழுதிப் பாக்க விருப்பம் எண்டால் பல்கலைக்கழக நூலகர்கள் சங்கத்தின்ர சஞ்சிகை இருக்குது, பழைய இதழ்களை இணையத்தில வாசிச்சுட்டு எங்கட இடத்துப் பிரச்சினை ஒண்டை எடுத்து எழுதுங்கோ. தமிழ்ச் சேகரிப்பு, டிஜிட்டலாக்கம் பற்றி அறிய விருப்பமான ஆக்கள் நூலகம் நிறுவனத்தின்ர வேலையை இணையத்தில வடிவாப் பாருங்கோ, 2005ல இருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களை எப்பிடிச் சேத்து, எப்பிடி ஒழுங்குபடுத்தி, எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கினம் எண்டதில ஒரு முழுப் பாடமே இருக்குது.

டியூட்டி லீவ் கேட்டு எழுதேக்க "எனது அறிவை விருத்தி செய்துகொள்ள" எண்டு எழுதாதேங்கோ, எல்லாரும் அதைத்தான் எழுதினம், மேசையில இருக்கிறவருக்கு ஆம் எண்டவும் இல்ல எண்டவும் காரணம் இல்லாமல் போயிடும். எங்கட பிரிவில இப்ப இருக்கிற இந்தப் பிரச்சினைக்கு இந்தக் கோர்ஸின்ர இந்தப் பாடம் உதவும், நான் இல்லாத நாளில கவுண்டரை இன்னார் பாப்பார், அவரோட கதைச்சுட்டன், வந்து பத்து நாளுக்குள்ள மற்ற ஆக்களுக்குச் சொல்லித் தருவன், இந்த மூண்டு வசனம் போதும். ரெண்டாவது வசனம்தான் பெரும்பாலும் லீவை எடுத்துத் தாறது.

ஆரை அனுப்புறது எண்டதில வாற மனக்கசப்பைப் பற்றி ஒளிக்காமல் எழுத வேணும். எல்லா இடத்திலயும் சில பேர் திரும்பத் திரும்பப் போவினம், சில பேர் பதினைஞ்சு வருசமா ஒரு செமினாரும் காணாமல் இருப்பினம், காரணம் கேட்டா "அவர் விருப்பம் காட்டேல்ல" எண்டுவினம், விருப்பம் கேட்டதே இங்கிலீஷ் ஈமெயிலில, அவருக்கு ஒபிஸ் ஈமெயிலே இல்ல. அதுக்கு நாங்கள் ஒரு ரெஜிஸ்டர் போட்டம், சாதாரண எக்ஸல் சீட்தான். பேர், கடைசியா எப்ப போனவர், எதுக்கு, எத்தனை நாள், வந்து பகிர்ந்தவரோ. வருசத்தில ரெண்டு தரம் அதை ஸ்டாப் மீட்டிங்கில எல்லாருக்கும் முன்னால திறக்கிறம். அதில நீளக் காலம் வெறுமையா இருக்கிற பேருக்கு அடுத்த இடம். இதை வைச்ச முதல் வருசம் ரெண்டு பேருக்குக் கோபம் வந்திச்சு, நான் அவையோட தனியக் கதைச்சன், பிறகு சரி வந்திட்டுது. ஆனா ரெஜிஸ்டரை நூலகர் ஏற்றுக்கொள்ளாமல் நீங்களாத் திறந்து வைச்சா சண்டைதான் வரும், முதல்ல அவரிட்டப் போங்கோ. மொழித் தேவையையும் அதில ஒரு நிரலாப் போடுங்கோ, சிங்களம் எழுத வராத தமிழ் ஆக்கள், தமிழ் கதைக்க வராத சிங்கள ஆக்கள், இவையை ஒருத்தருக்கொருத்தர் சோடி சேர்த்து விட்டா பகல் சாப்பாட்டு நேரத்தில நடக்கிற படிப்பு எந்தக் கோர்ஸையும் விட நல்லாப் போகுது, எங்கட இடத்தில அப்பிடி மூண்டு சோடி.

கடைசியா ஓய்வு பெறுற ஆக்கள். மாலை போட்டு, பரிசு குடுத்து, கேக் வெட்டி, படம் எடுத்து ஸ்டாப் செய்தியில போடுறம், போடத்தான் வேணும், முப்பது வருசம் உழைச்ச மனுசருக்கு அந்த மரியாதை குறையக் கூடாது. ஆனா அவரோட சேந்து வெளியில போறது எவ்வளவு எண்டதை நான் ஒரு அண்ணை போனாப் பிறகுதான் கண்டன். எந்தச் சேர்வு இலக்கத்தில இருந்து எந்த இலக்கம் வரைக்கும் பழைய துண்டுப் பிரசுரங்களைச் சேத்துக் கட்டி வைச்சது, கட்டடம் திருத்தேக்க எந்த ராக்கையை எங்க மாத்தினது, எந்தப் பேராசிரியரின்ர அன்பளிப்புச் சேகரிப்பு இன்னும் பெட்டியோட கிடக்குது, எல்லாம் அவரின்ர தலையில இருந்தது, ஒரு பதிவிலயும் இல்ல. அவருக்குப் போன் எடுத்தா அன்பாச் சொல்லுவார், ஆனா இடத்தில நிண்டு காட்டினாத்தான் விளங்கும்.

இப்ப ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கேக்கயே தொடங்கிறம். மேசையில இருத்தி வைச்சு "உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டா ஒண்டும் வராது, நன்றி சொல்லிட்டு நிப்பாட்டிடுவினம். அவரோட ராக்கைகளுக்கு இடையில நடவுங்கோ, போனில ரெக்கோர்டரைப் போட்டுக்கொண்டு, அவரிட்டச் சொல்லிட்டுத்தான். ஒவ்வொரு ராக்கையடியிலயும் நிண்டு "இது ஏன் இஞ்ச இருக்குது, இதைத் தேடி முந்தி ஆர் வாறவை?" எண்டு கேளுங்கோ. கூட ஒரு இளம் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, கேள்வி அவர் கேக்கட்டும், நீங்கள் இலக்கங்களைக் குறிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு தரத்தில நாப்பது நிமிசத்துக்கு மேல போகாதேங்கோ, வயசான ஆக்களுக்குக் கால் நோகும், நாலு அஞ்சு தரமாச் செய்யுங்கோ. அவர் கதைக்கிற மொழியிலயே எழுத்தில இறக்கி, ராக்கை இலக்கத்தோட ஒரு பக்கமாச் சுருக்கி, அந்த மாதச் செய்தியில பிரியாவிடைப் படத்துக்குப் பக்கத்தில போடுங்கோ, ஆனா அச்சடிக்க முதல் அவரிட்ட வாசிச்சுக் காட்டிப் பிழை திருத்துங்கோ. ஒலிப்பதிவை ஒரு ஆளின்ர போனில விட்டிடாமல் லைப்ரரியின்ர பொது ட்ரைவில போட்டு, பைலுக்கு அவரின்ர பேரையும் திகதியையும் எந்த மாடி எண்டதையும் வையுங்கோ, "ரெக்கோர்டிங் 3" எண்டு வைச்சா ரெண்டு வருசத்தில ஆரோ இடம் காணாது எண்டு அழிச்சுப் போடுவினம்.